கார்க்கொட்டில் சுவரின் மறுபக்கம்

எங்கள் காரின் வலப்பக்கக் கதவைத் திறந்தால் அது சுவரில் இடிக்கும். சத்தம் பெரிதல்ல. கையில் இருக்கும் மண்வெட்டி தவறி ஈரத்தரையில் விழுந்தால் கேட்கிற அளவுதான். ஆனால் அந்தச் சத்தத்துக்கு வாட்டசாட்டமான ஒரு மனிதன் பெற்ற பிள்ளையை வாரித் தூக்கிக்கொண்டு பங்கர்க் குழிக்குள் பாய்ந்ததை நான் என் கண்ணால் பார்த்தேன்.

அந்தச் சுவர் முன்பு அங்கே இருக்கவில்லை. தர்மபுரத்தில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் கிடுகு வேய்ந்த நீளமான கொட்டில் ஒன்று இருந்தது. அறுவடை நெல்லும் என் கணவரின் காரும் அதற்குள்தான். கடலில் இருந்து கரைக்கு ஷெல் அடித்த அந்த வருடம், கரையூர்ச் சனம் எல்லாம் காட்டுப்பக்கமாக உள்ளே வந்துகொண்டிருந்தது. பள்ளிக்கூடங்கள் நிரம்பிவிட்டன. பிறகு மரநிழல்களும் நிரம்பிவிட்டன. ஒருநாள் முல்லைத்தீவுக் கரையில் இருந்து ஒரு குடும்பம் எங்கள் வாசல் படலையில் வந்து நின்றது. புருசன், பெண்சாதி, நாலைந்து வயது மகள். ஒரு சைக்கிள், அதன் பின்னால் கட்டிய வலை மூட்டை, துணியில் சுற்றிய மாதா படம். அவ்வளவுதான் அவர்கள் கொண்டுவந்தது.

கொட்டிலில் பாதியைத் தருவதென்று என் கணவர் உடனே சொல்லிவிட்டார். அவரும் அந்த மீன்பிடிக்காரரும் சேர்ந்து களிமண்ணை மிதித்துக் குழைத்து, கொட்டிலின் நடுவே ஒரு மண்சுவர் வைத்தார்கள். காரின் அகலத்தை ஒரு தடியால் அளந்து, இடப்பக்கம் நெல்மூட்டைகளுக்கும் இடம் விட்டுத்தான் சுவர் எழும்பியது. என் கணவர் தன்னுடைய காலை மட்டும் கணக்கில் எடுக்கவில்லை.

அவருடைய வலது முழங்கால் மடங்காது. வயலில் உழவு இயந்திரம் புரண்டபோது பட்ட அடி. காரில் இருந்து இறங்குவதென்றால் கதவை முழுதாகத் திறந்து, இரண்டு கையாலும் அந்தக் காலைத் தூக்கி வெளியே வைத்து, அதன் பிறகுதான் உடம்பை வெளியே எடுக்க வேண்டும். கதவு பாதி திறந்தால் அவருக்குப் போதாது. முழுதாகத் திறந்தால் சுவரில் இடிக்கும்.

வெளியே நிறுத்திவிட்டு இறங்கலாமே என்று கேட்கத் தோன்றும். எங்கள் முற்றத்தில் மேலே மூடுகிற மாதிரி ஒரு மரமும் இல்லை. வெட்டையில் நிற்கிற வாகனத்தைப் பிளேன் தேடிவந்து அடிக்கிற காலம் அது. பக்கத்து ஊரில் வெளியே நின்ற ஒரு லொறிக்கு அடிபட்டு, அதோடு இரண்டு வீடும் போயிருந்தது. ஆகவே ரோட்டில் இருந்து திரும்பினால் நேரே கொட்டிலுக்குள்தான். எஞ்சினை வெளியே நிறுத்தினால் திரும்ப எழுப்புவதும் லேசில்லை. பெற்றோலைத் துளித்துளியாகக் காட்டி எழுப்பி, பிறகு மண்ணெண்ணெயில் ஓடுகிற கார் அது. அந்தப் பக்கத்தில் நோயாளிகளை ஏற்றிப்போக இருந்ததும் அந்த ஒரு கார்தான். பிள்ளைப்பேறு, பாம்புக்கடி, ஷெல்காயம், எல்லாவற்றுக்கும் இவரைத்தான் தேடிவருவார்கள். வந்து இறங்கும்போது மனிதர் பாதி உயிரோடுதான் இறங்குவார். கதவை மெல்லத் திறக்க அவருக்கு நினைவும் இருக்காது, கையில் பலமும் இருக்காது.

அவர்கள் வந்து ஒரு கிழமை ஆகியிருக்கும். நான் கிணற்றடியில் நின்றேன். கார் உள்ளே போனது, எஞ்சின் நின்றது, கதவு சுவரில் இடித்தது. அடுத்த கணம் மறுபக்கத்தில் இருந்து அந்த மனிதர் மகளை நெஞ்சோடு அமுக்கிக்கொண்டு வெளியே வந்தார். வந்தார் என்று சொல்லக்கூடாது, விழுந்தடித்து ஓடினார். பங்கர் வாசலில் தலை அடிபட்டதும் அவருக்குத் தெரியவில்லை. பிள்ளை அழவில்லை. அது பழகிப்போயிருந்தது. பெண்சாதி பின்னால் போய்க் குனிந்து, ஒன்றுமில்லை, கார்க்கதவுதான் என்று பலமுறை சொன்ன பிறகும் அவர் வெளியே வரக் கனநேரம் எடுத்தது.

பிறகு அவள் கிணற்றடிக்கு வந்து என் பக்கத்தில் நின்று, வாளிக் கயிற்றைச் சும்மா பிடித்துக்கொண்டிருந்தாள். கடலில் எந்தக் காற்றுக்கும் பயப்படாத ஆள் என்றாள். ஷெல் விழுந்த அன்று அவருடைய தாய் அவர் கையைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தவ. அந்தக் கை மட்டும் கடைசிவரைக்கும் அவர் கையில் இருந்தது.  போகும்போதுதான் வந்த காரியத்தைச் சொன்னாள்.

“அக்கா, கோவியாதேங்கோ. இருக்க இடம் தந்த ஆக்களிட்டை இப்பிடிக் கேக்கக்கூடாது. கதவைக் கொஞ்சம் மெல்லத் திறக்கச் சொல்லி அண்ணையிட்டைச் சொல்லுவீங்களோ?”

நான் அன்றைக்கே சொன்னேன். சொன்ன நேரம் சரியில்லை. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன ஒரு பிள்ளை வழியிலேயே இறந்துபோக, இவர் பின்சீற்றைக் கழுவிக்கொண்டிருந்தார். அவர் என்னைக் கூட்டிக்கொண்டுபோய்க் கதவின் ஓரத்தைக் காட்டினார். தகரத்தின் விளிம்பு உள்ளே நெளிந்து, பெயின்ற் உரிந்து, துரு ஏறத் தொடங்கியிருந்தது.

“சுவருக்கு மட்டுமே காயம்? இதைப் பார். நான் வேணுமெண்டே இடிக்கிறன்? காலைக் கழட்டி வைச்சிட்டே இறங்கச் சொல்லுறாய்?”

அவருக்கு அந்த மனிதரில் கோபம் இல்லை. ஆனால் இடம் கொடுத்த தன்னைக் குற்றவாளி ஆக்கிவிட்டதாக ஓர் எண்ணம் உள்ளே விழுந்துவிட்டது. மற்றவருக்கோ வெட்கம். கார்ச்சத்தம் கேட்டாலே வளவின் கோடிக்குப் போய் விறகு கொத்துவதுபோல நிற்பார். ஒன்றாக நின்று மண் மிதித்த இரண்டு பேர், முகம் கொடுத்துக் கதைப்பதை விட்டுவிட்டார்கள். காரை வெளியே நிறுத்தினால் தான் தள்ளி உள்ளே விடுவதாக அவர் பெண்சாதி மூலம் ஒருமுறை சொல்லியனுப்பினார். காரை ஒருத்தரும் தொடத் தேவையில்லை என்று இவர் சொல்லிவிட்டார். அந்த மறுமொழியை நான் அவளிடம் அப்படியே சொல்லவில்லை.

ஆனாலும் இவர் சும்மா இருக்கவில்லை. இரண்டு உரப்பைகளுக்குள் வைக்கோலை இறுக்கி அடைத்து, கதவு இடிக்கிற உயரத்தில் கூரை வளையில் இருந்து கட்டித் தொங்கவிட்டார். கதவு இப்போது பையில்தான் பட்டது. சுவரில் மண் உதிர்வது குறைந்தது, கதவின் விளிம்பும் தப்பியது. சத்தமும் அமுங்கிவிட்டது. இனிப் பிரச்சினை இல்லை என்று நானும் நினைத்தேன்.

அது முந்தியதை விட மோசம் என்று பெண்சாதி வந்து சொன்னாள். எனக்கு விளங்கவில்லை. அவள்தான் விளக்கினாள். ஷெல் விழுகிற சத்தம் ஒன்று, அதற்கு முதல் தூரத்தில் பீரங்கியில் இருந்து அது குத்துப்பட்டுக் கிளம்புகிற சத்தம் ஒன்று. குத்துகிற சத்தம் மெல்லத்தான் கேட்கும், பஞ்சுக்குள் குத்தியதுபோல. அதைக் கேட்டவுடன் எங்கே விழப்போகிறதென்று மூச்சைப் பிடித்துக் காத்திருப்போம். எங்கள் எல்லாருக்கும் தெரிந்த கதைதான். வைக்கோல் பையில் கதவு படுகிற சத்தம் அச்சாக அதே சத்தம்.

“முந்தியெண்டால் ஓடுவார், ஓடி முடிஞ்சால் சரி. இப்ப ஓடுறாரில்லை அக்கா. குந்தினபடி விழுறதுக்குக் காத்துக்கொண்டிருக்கிறார். விழாத ஷெல்லுக்கு எவ்வளவு நேரம் காத்திருக்கிறது?”

அதற்குப் பிறகு ஒவ்வொரு முறையும் கார் வரும்போது நானும் காத்திருக்கத் தொடங்கிவிட்டேன். கார் படலைக்குள் திரும்பும். நான் குசினிக்குள் கையில் இருக்கிற அகப்பையை வைத்துவிட்டுக் காது கொடுப்பேன். எஞ்சின் நிற்கும். பிறகு அந்த மெத்தென்ற சத்தம். பிறகு சுவரின் மறுபக்கத்தில் ஒன்றுமே கேட்காது. அந்த ஒன்றும் கேட்காமைதான் தாங்க முடியாமல் இருந்தது.

மாரி தொடங்கியது. வைக்கோல் நனைந்து ஊறிப் பைகள் நாறத் தொடங்கின. பைகளை அவிழ்த்துப் பார்த்தால் சுவர் பின்னால் ஈரம் குடித்து உப்பியிருந்தது. பழைய இடிகள் விழுந்த இடத்தில் இருந்து மேலும் கீழுமாக ஒரு வெடிப்பு. மறுபக்கத்தில் அந்தச் சுவரோரமாகத்தான் பிள்ளையின் பாயை விரிப்பார்கள். தகப்பன் பாயை இழுத்து மற்றக் கரைக்குப் போட்டார். மழை விடாமல் பெய்தது. சுவர் விழுந்தால் எந்தப் பக்கம் விழும் என்பதுதான் எங்கள் எல்லாருடைய மனதிலும். 

அப்படியிருக்க ஒருநாள், இவர் காரை உள்ளே விட்டுக் கதவுப் பிடியில் கை வைத்திருக்கிறார். வெடிப்புக்குள் ஏதோ அசைந்தது. பார்த்தால் ஒரு கண். சின்னப்பிள்ளை மறுபக்கத்தில் சுவரோடு ஒட்டி நின்று காரைப் பார்த்துக்கொண்டிருந்தது.

ஆர் அது என்று கேட்டிருக்கிறார். நான்தான் என்றது பிள்ளை.

“தள்ளி நில்லம்மா. மாமா கதவு திறக்கப்போறன்.”

பிள்ளை திரும்பி ஓடிப்போய், மாமா கதவு திறக்கப்போறாராம் என்று தகப்பனிடம் சொன்னது. சொல்லி முடிக்கவும் கதவு இடிக்கவும் சரியாக இருந்தது. தகப்பன் நிமிர்ந்து பார்த்தார். அவ்வளவுதான். ஓடவும் இல்லை, குந்தவும் இல்லை. அன்றைக்கு மாலையில் பெண்சாதி என் குசினிக்கு வந்து இதைச் சொன்னாள்.

நான் இவரிடம் சொன்னேன். இவர் சோற்றைச் சாப்பிட்டு முடித்தார். அடுத்தநாள் வந்தபோது எஞ்சினை நிறுத்திவிட்டுக் கொஞ்சம் இருந்தார். பிறகு சுவரைப் பார்த்து, “தம்பி, கதவு” என்றார்.  மறுபக்கத்தில் இருந்து “ஓம் அண்ணை” என்று வந்தது.

அந்தக் கிழமையே அந்த மனிதர் தன் வலை மூட்டையை அவிழ்த்தார். இனித் தைக்க முடியாத பழைய வலையைப் பல மடிப்பாக மடித்து, கயிற்றால் குறுக்கும் நெடுக்குமாகக் கோர்த்துத் தைத்து, மெத்தை மாதிரி ஒன்று செய்தார். கரையில் தோணிகள் ஒன்றோடொன்று முட்டாமல் இருக்க இப்படித்தான் கட்டுவார்களாம். இரண்டு பேரும் வெடிப்பைக் களிமண்ணால் அடைத்து மெழுகி, அதன் மேல் அந்த வலைமெத்தையைத் தொங்கவிட்டார்கள். எவ்வளவு உயரத்தில் கட்ட வேண்டும் என்று பார்க்க இவர் காருக்குள் இருந்து கதவைத் திறந்து காட்ட, அவர் சுவரில் கரியால் கோடு போட்டார். நான் தேத்தண்ணி கொண்டுபோனபோது இருவரும் அந்தக் கோட்டைப் பற்றித்தான் கதைத்துக்கொண்டிருந்தார்கள்.

அதன்பிறகு தினமும் அந்தக் குரலும் மறுமொழியும் கேட்கும். எங்களுக்கு அது பழகிப்போனது.

மாரி முடிகிற நேரம் ஊரெல்லாம் மலேரியா. இவருக்கும் இரண்டொரு நாளாகக் காய்ச்சல் வந்து வந்து போனது. படுக்கச் சொன்னால் கேட்கவில்லை. ஒரு பிள்ளைத்தாய்ச்சியை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப்போய்விட்டு மத்தியானம் திரும்பினார். கார் உள்ளே போன சத்தத்தை நான் குசினியில் இருந்து கேட்டேன். பானையை இறக்க வேண்டிய நேரம் என்பதால் வேறொன்றையும் கவனிக்கவில்லை.

குசினி வாசலில் நிழல் தட்டியது. அந்த மனிதர் நின்றார். அதுவரை அவர் எங்கள் குசினிப்பக்கம் வந்ததே இல்லை.

“அக்கா, கார் வந்திட்டுது. அண்ணை கூப்பிடேல்லை.”

களைப்பில் மறந்திருப்பார் என்றேன்.

“கதவும் திறக்கேல்லை அக்கா. நான் கனநேரமாய்ப் பாத்துக்கொண்டிருக்கிறன்.”

ஓடினோம். இவர் ஸ்டியறிங்கில் நெற்றியை வைத்தபடி சரிந்து கிடந்தார். உடம்பு நெருப்பு. கண் பாதி திறந்திருந்தது, ஆனால் என்னைத் தெரியவில்லை. கடற்கரையில் ஆருடனோ கதைப்பதுபோல ஏதேதோ சொல்லிக்கொண்டிருந்தார். கதவைத் திறந்தால் அது வலைமெத்தையில் போய் நின்றது. நினைவோடு அவரே நெளிந்து நெளிந்து இறங்குகிற இடுக்கு அது. நினைவில்லாத ஆளை, மடங்காத காலோடு, அதற்குள்ளால் எடுக்க முடியாது. இடப்பக்கம் முகட்டுவரைக்கும் நெல்மூட்டை. காரை வெளியே எடுப்பதைத் தவிர வேறு வழி இல்லை.

அந்த மனிதர் உள்ளே கையை விட்டு கியரை எப்படி விடுவிப்பதென்று என்னைக் கேட்டார். எனக்கு என்ன தெரியும்? அந்தத் தடியை இப்படியும் அப்படியும் அசைத்து, அது தொய்ந்ததும் முன்பக்கம் வந்து தள்ளத் தொடங்கினார். நானும் அவர் பெண்சாதியும் இரண்டு பக்கமும். வாசலில் மழை அரித்த பள்ளத்தில் பின்சில்லு இறங்கி நின்றுவிட்டது. முதுகைக் கொடுத்துத் தள்ளி ஒருவாறு ஏற்றி, கார் முற்றத்து வெயிலுக்கு வந்த நேரம் குண்டு போடுகிற கிபிர்ப் பிளேன் வந்தது.

அது வருகிறதை முதலில் கேட்க முடியாது. கேட்கும்போது தலைக்கு மேலே நிற்கும். பெண்சாதி பிள்ளையின் பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டு ஓடி, அதைத் தூக்கிக்கொண்டு பங்கருக்குள் இறங்கிவிட்டாள். கார் வெட்டையில். உள்ளே என் கணவர். நான் அந்த மனிதரைப் பார்த்தேன். அவர் பங்கர் வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றார். காரின் முன்மூடியில் இருந்த இரண்டு கையும் நடுங்குவதில் தகரம் கடகடவென்று அடித்தது. 

“நீ போ தம்பி” என்றேன். போய்விடக் கூடாதே என்றுதான் நினைத்தேன்.

அவர் போகவில்லை. மூடியில் இருந்து கையை எடுத்து, காரைப் பிடித்துப் பிடித்து நடந்து வந்து, கதவை முழுதாகத் திறந்தார். பிளேன் ஒரு சுற்றுச் சுற்றித் தாழ்ந்தது. அவர் என் கணவரின் தோளுக்குக் கீழே கமக்கட்டுக்குள் கையைக் கொடுத்து இழுத்தார். நான் காலைத் தூக்கினேன். வெளியே வந்ததும் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். ஓட முயன்றார், முடியவில்லை. பாதி முற்றத்தில் நிலம் குலுங்கியது. குண்டு எங்கேயோ தள்ளித்தான் விழுந்தது, ஆனால் காது அடைத்துவிட்டது. அவர் முழங்காலில் விழுந்தார். தோளில் இருந்தவரை விடவில்லை. அப்படியே முழங்காலால் நகர்ந்து நகர்ந்து பங்கர் வாசல்வரை வந்தார். அங்கிருந்து பெண்சாதி கையை நீட்டிப் பிடித்தாள்.

உள்ளே இருட்டு. என் கணவர் குளிர்க்காய்ச்சலில் நடுங்கிக்கொண்டிருந்தார். மற்றவர் பல்லுக்குப் பல் அடிக்க நடுங்கிக்கொண்டிருந்தார். இருவருக்கும் நடுவே நான் இருந்தேன். என்னோடு ஒட்டிக்கிடந்த உடம்புகளில் எந்த நடுக்கம் யாருடையது என்று எனக்குப் பிரித்துத் தெரியவில்லை. பிள்ளை மட்டும் தகப்பனின் காதுகளைத் தன் கைகளால் பொத்திக்கொண்டு இருந்தது.

பிளேன் போனதும் பக்கத்து வளவில் இருந்து உழவு இயந்திரத்தைக் கொண்டுவந்தார்கள். அதன் பின்பெட்டியில் வைக்கோல் போட்டு அதில் கிடத்தி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். மலேரியா மூளைக்கு ஏறிவிட்டது என்றார் டொக்டர். சேலைனோடு மருந்து ஏற்றினார்கள். இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தால் தன்னால் ஒன்றும் செய்திருக்க முடியாது என்று பிறகு என்னிடம் சொன்னார். இரண்டு நாள் இவருக்கு என்னைத் தெரியவில்லை. மூன்றாம் நாள் காலையில் தண்ணீர் கேட்டார். நான் தண்ணீரைக் கொடுத்துவிட்டு வெளியே விறாந்தையில் வந்து நின்று அழுதேன்.

கண் தெளிந்ததும் இவர் கேட்ட முதல் கேள்வி, காரை ஆர் உள்ளே விட்டது என்பதுதான். புருசனும் பெண்சாதியும் தள்ளி விட்டார்கள் என்றேன். 

வீட்டுக்கு வந்தபோது எலும்பும் தோலுமாக இருந்தார். ஸ்டியறிங் பிடிக்கக் கையில் பலம் இல்லை. நோயாளிகளைக் கொண்டு சனம் வந்துகொண்டேதான் இருந்தது. ஒருநாள் காலை அந்த மனிதரைக் கூப்பிட்டு, கார்த் திறப்புச் சாவியை நீட்டினார். அவர் வாங்காமல் நின்றார். தன் கதை தெரியும்தானே, நடுவழியில் சத்தம் கேட்டால் தான் என்ன செய்வேன் என்று தனக்கே தெரியாது என்றார்.

“இறங்கி ஓடு. நான் காருக்கை இருக்கிறன். முடிஞ்சாப் பிறகு வா, போவம்.”

அப்படியேதான் நடந்தது. கொஞ்சநாளில் அவர் நன்றாக ஓட்டப் பழகிவிட்டார். இவர் பக்கத்துச் சீற்றில் இருந்து வழி சொல்வார். அவருடைய பயம் மாறவில்லை. தூரத்தில் ஷெல் குத்துப்பட்டால் காரை மரத்தின் கீழ் விட்டுவிட்டுப் பற்றைக்குள் ஓடிவிடுவார். பின்சீற்றில் இருக்கிற நோயாளியின் ஆட்கள் ஏசுவார்கள். இவர் அவர்களைச் சமாளித்துக்கொண்டு இருப்பார். கொஞ்ச நேரத்தில் அவர் உடுப்பில் முள்ளோடு திரும்பி வருவார். கார் திரும்ப வெளிக்கிடும். ஒரு தாய்க்குக் காருக்குள்ளேயே பிள்ளை பிறந்ததும் அப்படி ஒரு நாளில்தான். அவர் திரும்பி வந்தபோது பிள்ளை அழுதுகொண்டிருந்ததாம்.

சில வருடங்களில், கடல்நீர் உள்ளே ஏறி நிற்கிற களப்பில் மீன்தொழிலுக்குப் போகலாம் என்று வந்தது. அவர்கள் உடையார்கட்டுக்கும் அப்பால், களப்புப் பக்கம் ஒரு கொட்டில் போட்டுக்கொண்டு போனார்கள். நாங்கள் ஒருமுறை போய்ப் பார்த்தோம். அவர் இறால் வலையோடு தண்ணீருக்குள் நின்றார். கரையில் இருந்து பெண்சாதி கூப்பிட, கையை உயர்த்திக் காட்டினார். தண்ணீருக்குள் நிற்கும்போது எந்தச் சத்தத்துக்கும் அசைகிறாரில்லை, கரைக்கு வந்தால்தான் பழையபடி என்று அவள் சொன்னாள். எப்போது மாறும் என்று யோசிப்பதை விட்டுவிட்டாளாம்.

என் கணவர் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, தடியை ஊன்றியபடி தண்ணீர்க்கரை வரைக்கும் நடந்துபோனார். அங்கே இருவரும் நின்று கனநேரம் கதைத்தார்கள். என்ன கதைத்தார்கள் என்று எனக்குக் கேட்கவில்லை. நானும் அவளும் கொட்டில் வாசலில் இருந்து இறால் கோது உரித்தோம். பள்ளிக்கூடம் விட்டு வந்த அவள் மகள் எங்களுக்கு முன்னால் குந்தியிருந்து, வகுப்பில் தனக்குப் பக்கத்தில் இருக்கிற பிள்ளையைப் பற்றிச் சொல்லத் தொடங்கினாள்.